‘ஓகே மேடம், அடுத்த கேள்வி’: உயிரியல் ஆய்வாளரைப் பேட்டி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை முதலாண்டில் எங்களுக்கு ஒரு பணி கொடுத்தார்கள். ஆய்வில் இருக்கும் உயிரியலாளர் ஒருவரைச் சந்தித்துப் பேட்டி எடுத்து, பொது வாசகருக்குப் புரியும்படி எழுத வேண்டும். எனக்கு நேரம் ஒதுக்கித் தந்தவர் முதுமையை ஆராய்பவர். ஆராய்வது சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில். வளர்ந்த புழுவே ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். உடல் கண்ணாடி மாதிரி; நுண்ணோக்கியில் வைத்தால் குடலும் முட்டைகளும் வெளியிலிருந்தே தெரியும். இரண்டு மூன்று வாரத்துக்குள் வளர்ந்து, மூப்படைந்து, இறந்துவிடும் என்பதால் முதுமையை ஆராய்பவர்களுக்கு இது கைக்கு அடக்கமான உயிர்.

பேட்டி ஐம்பது நிமிடம் நடந்தது. நன்றாகப் போனது என்றுதான் நினைத்துக்கொண்டு திரும்பினேன். இரவு பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவள் 23-ஆவது நிமிடத்தில் நின்றுவிட்டேன். அவர் சொல்கிறார்: “மூணு மாசம் ஓட்டின சோதனை அது. ஆயுள் கூடியிருக்குன்னு லேப்ல எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் பாத்தா, கன்ட்ரோல் தட்டுலயும் அதே அளவு கூடியிருந்துச்சு.” அதன் பிறகு ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தை வெட்டிக்கொண்டு என் குரல்: “ஓகே மேடம், அடுத்த கேள்வி. இந்தத் துறைக்கு வர்ற மாணவர்களுக்கு நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?”

அந்த இடத்தைப் பத்துத் தடவையாவது திரும்பக் கேட்டிருப்பேன். ஐம்பது நிமிடத்தில் அவர் தானாகத் திறந்த ஒரே கதவு அது. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதே மாதிரிப் பேட்டிக்குப் போகப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் என் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

பட்டியலை விடாமல் பிடித்துக்கொள்வது

என்னிடம் 18 கேள்விகள் இருந்தன. அவர் பேசும்போது என் கண் தாளில், அடுத்த கேள்வியின் மேல் இருந்தது. பட்டியல் வேண்டும்தான், அது இல்லாமல் போனால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். ஆனால் ஆய்வாளர் ஒருவர் “அப்புறம் பாத்தா” என்று ஆரம்பித்தால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஆய்வு இருக்கிறது.

கன்ட்ரோல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். புழுக்களுக்கு உணவு பாக்டீரியா. ஒரு மரபணுவை அடக்க வேண்டுமென்றால், அந்த மரபணுவுக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்என்ஏவைத் தயாரிக்கும் பாக்டீரியாவைத் தின்னக் கொடுப்பார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே பாக்டீரியா, அதே தட்டு, அதே வெப்பநிலை. அந்த ஆர்என்ஏ மட்டும் இருக்காது. இந்த இரண்டாவது கூட்டம்தான் கன்ட்ரோல். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் மரபணுவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். கன்ட்ரோலிலும் ஆயுள் கூடியிருக்கிறது என்றால், மூன்று மாத உழைப்பு எதைக் காட்டியது என்பதே தெரியாமல் போய்விட்டது என்று பொருள். ஒருவர் அதை என்னிடம் சொல்கிறார். நான் மாணவர்களுக்கு அறிவுரை கேட்கிறேன்.

பின்னர் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. 1995-இல் இதே புழுவில் குவோ, கெம்ஃபியூஸ் என்ற இருவர் ஒரு மரபணுவை அடக்குவதற்காக எதிரிழை ஆர்என்ஏவை, அதாவது அந்த மரபணுவின் செய்தியோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்படியை, செலுத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எந்த விளைவும் தரக் கூடாத நேரிழை ஆர்என்ஏவையும், அதாவது அந்தச் செய்தியின் அதே படியையும், செலுத்தினார்கள். இரண்டும் ஒரே விளைவைத் தந்தன. ‘கன்ட்ரோல் சரியில்லை’ என்று ஒதுக்கியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோரும் உடன் உழைத்தவர்களும் அந்தப் புதிரின் பின்னால் போய், மரபணுவை வலுவாக அடக்குவது இரட்டை இழை ஆர்என்ஏதான் என்று 1998-இல் காட்டினார்கள். 2006-இல் ஃபயருக்கும் மெல்லோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நான் பேட்டி எடுத்த ஆய்வகத்தில் தினமும் பயன்படுத்தும் முறையே, சொன்னபடி கேட்காத ஒரு கன்ட்ரோலைத் தொடர்ந்து போனதால் வந்ததுதான். அதைத் தெரிந்துகொண்டு போயிருந்தால் 23-ஆவது நிமிடத்தில் என் காது விடைத்திருக்கும்.

அந்த நேரத்தில் கெட்டிக்காரத்தனமான கேள்வி எதுவும் தேவைப்படாது. “அப்புறம்?” போதும். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” இன்னும் நல்லது. ஒரு பதில் முடிந்ததாகத் தோன்றினாலும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு வாயைத் திறக்க வேண்டும். அந்த மூன்று எண்ணுவதற்குள் பலர் தாங்களே தொடர்கிறார்கள்.

ஆளைப் படித்துவிட்டு ஆய்வைப் படிக்காமல் போவது

அவர் எங்கே படித்தார், எந்த ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார், என்ன விருதுகள் வாங்கினார் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவருடைய ஆய்வுக் கட்டுரையில் மட்டும் சுருக்கத்தைத் தாண்டி ஒரு வரி படிக்கவில்லை. கடினமாக இருக்கும் என்று பயம். முழுவதும் புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. படங்களையும் அவற்றின் கீழே உள்ள குறிப்புகளையும் பார்த்து, செய்முறைப் பகுதியை ஒருமுறை ஓட்டினாலே நல்ல கேள்விகள் பிறக்கும். எத்தனை புழுக்கள்? எத்தனை முறை திரும்பச் செய்தார்கள்? எண்ணியவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியுமா, தெரியாதா?

அவருடைய கட்டுரையில் ஒரு வரைபடம் இருந்தது. இடமிருந்து வலமாகப் படிக்கட்டு போல இறங்கும் இரண்டு கோடுகள். கிடைமட்டத்தில் நாட்கள், செங்குத்தில் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கு. நான் அதைப் பார்த்துவிட்டு ‘ஒரு கோடு மெதுவாக இறங்குகிறது, சரி’ என்று கடந்து போயிருந்தேன்.

பேட்டி முடியும் நேரத்தில், நான் கேட்காமலே, அவர் என்னை மேசைக்கு அழைத்துப் போய் ஒரு தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பென்சில் மாதிரி ஒரு கண்ணாடிக் குச்சி. அதன் நுனியில் தட்டையாக்கிய பிளாட்டினம் கம்பி. கம்பியைச் சுடரில் ஒரு கணம் காட்டி, ஆறவிட்டு, அசையாமல் கிடந்த ஒரு புழுவின் தலைப்பக்கத்தை மெல்லத் தொட்டார். தலை மட்டும் சற்றே திரும்பியது. “இருக்கு,” என்றார். அடுத்ததைத் தொட்டார். அசைவில்லை. இன்னொரு முறை தொட்டார். இல்லை. நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அந்தப் புழுவைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

“அந்த கிராஃப்ல கோடு ஒரு படி இறங்குதுல்ல, அது இதுதான்மா. யாரோ ஒருத்தர் தொட்டுப் பாத்து, அசையலன்னு எழுதியிருக்காங்க.”

நூறு புழுக்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசிப் புழு இறக்கும்வரை. விடுமுறை நாளிலும் யாராவது வந்து தொட்டுப் பார்த்தாக வேண்டும். அந்த வரைபடத்தை முதலிலேயே கொஞ்சம் நின்று பார்த்திருந்தால், என் முதல் கேள்வியே ‘ஒரு புழு இறந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?’ என்பதாக இருந்திருக்கும். ‘ஏன் உயிரியலைத் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று ஆரம்பித்தேன். அதற்கு எல்லோரிடமும் ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகிய ஒரு பதில் இருக்கும். அதுதான் எனக்கும் கிடைத்தது. அதைவிட, ‘நேத்து லேப்ல என்ன பண்ணீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டுரையின் ஆசிரியர் பட்டியலையும் கவனிக்க வேண்டும். உயிரியலில் பொதுவாக, சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் பெயர் முதலில் வரும். ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில் வரும். நான் கடைசிப் பெயருக்கு உரியவரைப் பேட்டி எடுத்துவிட்டு, முதல் வரைவில் ‘அவர் ஆயிரக்கணக்கான புழுக்களை எண்ணினார்’ என்று எழுதிவிட்டேன். எண்ணியவர்கள் இரண்டு ஆய்வு மாணவர்கள். ‘இதில் உங்கள் கையால் செய்த பகுதி எது?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்காமல் எழுதினால்தான் யாரோ ஒருவருடைய விடுமுறை நாட்கள் காணாமல் போய்விடும். கட்டுரை சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்குப் போய் வந்ததா, இன்னும் முன்பதிப்பாகத்தான் இருக்கிறதா என்பதையும், பின்னர் திருத்தம் ஏதாவது வெளிவந்ததா என்பதையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

‘இதனால் மனிதர்களுக்கு எப்போது மருந்து வரும்?’

கேட்கக் கூடாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். வாசகர் கேட்பார், நாமும் கேட்கலாம். ஆனால் நான் கேட்ட விதம் தவறு. அவர் “அதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் இருக்கு” என்றார். எனக்கு அது போதவில்லை. “தோராயமா ஒரு பத்து வருஷம்?” என்று நானே ஒரு எண்ணை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் அதுவே என் தலைப்பாகியிருக்கும். எனக்குத் தலைப்பு வேண்டும் என்பதற்காக ஒரு விஞ்ஞானியை வாக்குறுதி கொடுக்க வைக்கப் பார்த்தேன்.

பயன் எங்கே, எப்போது வரும் என்று ஆய்வு நடக்கும்போது தெரிவதில்லை. ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீன் எப்படி ஒளிர்கிறது என்று ஆராயப் போனவர். 1962-இல் அதிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றைப் பற்றி எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1994-இல் மார்ட்டின் சால்ஃபி குழுவினர் அந்தப் புரதத்தை இதே எலிகன்ஸ் புழுவின் நரம்பு செல்களில் ஒளிரச் செய்து காட்டினார்கள். இன்று உலகமெங்கும் செல்லுக்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்க்க அது உதவுகிறது. 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் வேதியியல் நோபல். ஜெல்லிமீனோடு இருந்த ஷிமோமுராவிடம் 1962-இல் ‘மருந்து எப்போது?’ என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்?

‘இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் அடுத்து என்ன கேள்வி கேட்பீர்கள்?’ என்று கேட்கலாம். ‘புழுவில் கண்டது எலியிலும் இருக்கிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?’ என்று கேட்கலாம். இவற்றுக்கு அவர்களால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். எழுதும்போது ‘புழுக்களில்’ என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சொல் விழுந்தால் செய்தியே மாறிவிடுகிறது.

தமிழில் எழுதும்போது வழுக்கும் இடங்கள்

என் வரைவின் முதல் வரி: ‘ஆயுளை நீட்டிக்கும் மரபணு டாஃப்-2.’ அவர் அந்த வரியில் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பினார். உண்மை நேர்மாறானது. 1993-இல் சிந்தியா கென்யானும் குழுவினரும் கண்டது, டாஃப்-2 மரபணுவில் சடுதிமாற்றம் ஏற்பட்டு அதன் செயல்பாடு குறைந்த புழுக்கள், இயல்பான புழுக்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்கின்றன என்பது. மரபணு நன்றாக வேலை செய்தால் ஆயுள் வழக்கமான அளவுதான். ஒரு மரபணு கெட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் அது என்ன செய்கிறது என்று ஊகிக்கிறார்கள். அந்தத் தலைகீழ்த் தர்க்கத்தைக் கவனிக்காமல் எழுதினால், படிக்க அழகாக இருக்கும், அர்த்தம் தப்பாக இருக்கும். ‘இன்னதற்கான மரபணு’ என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் கையை நிறுத்தி, அந்த மரபணு பழுதானபோது கண்டார்களா, கூடுதலாகச் செயல்பட்டபோது கண்டார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தமிழில் எழுதும் நமக்கு மட்டுமே வரும் சிக்கல். ஆங்கிலத்தில் புழுவின் மரபணுப் பெயரைச் சின்ன எழுத்தில் சாய்த்து எழுதுவார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் நிமிர்த்தி எழுதுவார்கள். எழுத்தைப் பார்த்ததுமே எது எது என்று தெரிந்துவிடும். நம் எழுத்தில் சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. ‘டாஃப்-2’ என்று மட்டும் எழுதினால் மரபணுவா, புரதமா என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் ‘டாஃப்-2 மரபணு’, ‘டாஃப்-2 புரதம்’ என்று முழுதாக எழுத வேண்டும். நீளுகிறதே என்று பார்க்கக் கூடாது.

‘சிக்னிஃபிகன்ட்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஆய்வாளர் சொன்னதும் நாம் ‘பெரிய அளவில்’, ‘முக்கியமான’ என்று எழுதிவிடுகிறோம். அவர் சொல்வது புள்ளியியல் பொருளில்: உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு குறைவு. பல துறைகளில் 0.05 என்ற எல்லைக்குக் கீழே இருந்தால் அப்படிச் சொல்வது வழக்கம். வேறுபாடு ஒரு நாளாக இருந்தாலும் அது ‘சிக்னிஃபிகன்ட்’ ஆக இருக்கலாம். எனவே ‘எத்தனை நாள் கூடியது?’ என்று கேட்டு எண்ணையே எழுதுங்கள். அதோடு, ‘நிரூபித்தார்’ என்ற வினையை என் வரைவில் ஏழு இடங்களில் போட்டிருந்தேன். அவர் பேட்டி முழுவதும் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ‘காட்டுது’, ‘மாதிரி தெரியுது’, ‘எங்களுக்குத் தோணுது’ என்றுதான் சொன்னார். அந்த மூன்றுக்கும் இடையே அளவு வித்தியாசம் இருக்கிறது. அதை அப்படியே கொண்டு வருவது நம் கடமை.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கெடுப்பவை

ஆய்வகத்துக்குள் பதிவு செய்யாதீர்கள். காற்றை வடிகட்டும் பெட்டியின் இரைச்சல் நமக்குப் பழகிவிடும், பதிவில் பழகாது. என் பதிவில் ‘மைக்ரோலிட்டர்’ என்றாரா ‘மில்லிலிட்டர்’ என்றாரா என்று தெரியாத இடம் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். எண்களையும் அலகுகளையும் அங்கேயே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

படம் எடுப்பதற்கு முன் பின்னணியைக் கேளுங்கள். நான் மேசையைப் படம் பிடித்தபோது பின்னால் வெள்ளைப் பலகையில் இன்னும் வெளியிடாத சோதனைகளின் விவரம் இருந்தது. அவர் பார்த்துவிட்டு, கோபப்படாமல், படத்தை அழித்துவிடச் சொன்னார். ஒரு மாணவரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அந்தப் பலகையில் இருந்திருக்கலாம். வேறு குழு முந்திக்கொண்டால் அது திரும்பி வராது. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதைப் பேட்டியின் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும்.

நேரம் கேட்கும்போது, சோதனையின் நேரத்தையும் கேளுங்கள். புழு நமக்காகக் காத்திருக்காது.

பெண் ஆய்வாளர் என்றால் ‘வீட்டையும் ஆய்வையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்ற கேள்வி பட்டியலில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். என் பட்டியலில் 14-ஆவதாக இருந்தது. ஓர் ஆண் ஆய்வாளரிடம் போயிருந்தால் அதை எழுதியிருப்பேனா என்று யோசித்தேன். எழுதியிருக்க மாட்டேன். அடித்துவிட்டேன். பேட்டிக்கு முன்பே நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

வரைவைக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாராட்டையோ கருத்தையோ திருத்துவதற்காகக் காட்ட வேண்டியதில்லை. அறிவியல் சொல்லும் பகுதிகளையும் அவருடைய மேற்கோள்களையும் மட்டும் சரிபார்க்க அனுப்பலாம். டாஃப்-2 வரி அப்படித்தான் பிடிபட்டது.

திரும்பக் கேட்கக் கூச்சப்படுவது

பதிவைக் கேட்ட மறுநாள் முழுக்கத் தயங்கினேன். ‘நேரம் கொடுத்தார்கள், கேட்கத் தவறிவிட்டோம், மறுபடி தொந்தரவு செய்வதா?’ என்று. மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வியோடு அழைத்தேன். “மேடம், அந்தக் கன்ட்ரோல் தட்டு. அப்புறம் என்ன ஆச்சு?”

அவர் சிரித்தார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார்.

முதலில் பாக்டீரியாவைச் சந்தேகித்தார்களாம். புதிதாக வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு தட்டுக்கான வளர்ப்பு ஊடகத்தைச் சந்தேகித்தார்கள். புதிதாக ஊற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு ஆய்வு மாணவி, யாரும் சொல்லாமலே, தட்டுகளை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள் ஒரு கண்ணாடி வெப்பமானியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெளித்திரை 20 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே 17-க்கும் கீழே. குளிர்ச்சியில் இந்தப் புழுக்கள் மெதுவாக வளரும், அதிக நாள் வாழும். மரபணுவுக்கும் அந்தக் கூடுதல் நாட்களுக்கும் சம்பந்தமே இல்லை. “கன்ட்ரோல் மட்டும் இல்லாம இருந்திருந்தா, அந்த மரபணுவப் பத்தி ஒரு பேப்பரே எழுதியிருப்போம்மா,” என்றார். மூன்று மாதத் தட்டுகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

என் கட்டுரையை அந்த மாணவியிடமிருந்து தொடங்கி மறுபடி எழுதினேன். அச்சுப்படியைக் கொடுக்கப் போன அன்று, மேடம் இன்குபேட்டரின் கதவைத் திறந்து காட்டினார். நடுத்தட்டில், ஒரு பீக்கர் தண்ணீருக்குள் அந்த வெப்பமானி நின்றுகொண்டிருந்தது. கதவில் ஒட்டிய தாளில் காலை, மாலை என்று இரண்டு வரிசைகள். வெவ்வேறு கையெழுத்துகளில் 20, 20, 20.1, 20.